மேஜைமேல் ஒரு கையுறை

திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் பட்டறை ஒன்று. அங்கே மையேறிய அச்சு ஸ்கிரீன்களை, மை, வார்னிஷ் எதையும் கரைக்கும் தின்னர் விட்டுக் கழுவுகிறவள் மரகதம். அவள் கைத்தோல் உரிவதைக் கேள்விப்பட்ட மேனேஜர் தண்டபாணி, மெல்லிய கையுறைப் பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டார்.

"இது தின்னருக்குத் தாங்காதுங்க," என்றாள் மரகதம்.

"டாக்டரே இதைப் போட்டுத்தான் ஆபரேஷன் பண்றார். தாங்காதுன்னா உன் கையை நனைக்காம இங்கேயே காட்டு. இல்லேன்னா பேசாம வேலையைப் பாரு."

மரகதம் ஒரு கையுறைக்குள் தின்னரை ஊற்றி, அதன் வாயை முடிச்சுப் போட்டு, புது வார்னிஷ் மினுங்கும் அவருடைய தேக்கு மேஜை நடுவில் வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் விரல்கள் கத்தரிக்காயாய் உப்பின.

தண்டபாணி மேஜையிலிருந்து செல்போனை எடுத்தார், ஃபைல்களை எடுத்தார், கடைசியில் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"எடு அதை. மேஜை பாழாயிரும்."

"டாக்டர் போடறதுதானுங்களே. ஒண்ணும் ஆகாதுங்க."

"எடுன்னு சொல்றேன்ல."

"மேஜைக்கு வார்னிஷ் திரும்ப அடிச்சுக்கலாமுங்க," என்றபடி மெதுவாக எடுத்தாள் மரகதம். "என் தோலுக்கு?"

மறுநாள் கையுறைக் கடையில் ஒரே சண்டை. தடித்த கையுறை ஒவ்வொன்றிலும் தின்னரை ஊற்றி, கடைக்காரர் மேஜைமேல் வைத்துப் பார்த்த பிறகுதான் வாங்குவேன் என்று தண்டபாணி ஒற்றைக்காலில் நின்றார்.