கழித்த செல்கள்

டாக்டர் குலசேகரனுக்கு ஐம்பத்தாறு வயது. அவர் வார்டுக்குள் நுழைந்தால் நர்ஸுகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்டவர், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான பேராசிரியர் செங்கமலத்திடம் மாணவராகச் சேர்ந்து, ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டு கழுவினார். வெட்கப்படவில்லை. அந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

எல்லாம் கோசலை என்கிற நோயாளிக்காக. முப்பத்துநாலு வயது, பலவீனமான இதயம், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆய்வகத்தில் சோதிக்கும் புது மருந்தின் முதல் டோஸ் திங்கட்கிழமை அவளுக்கு.

ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயச் செல்லில் ஒரு மின்சைகை எழும். மருந்து அந்தச் சைகையைக் கொஞ்சம் நீட்டும். சைகை நீண்டால் செல் அழுத்திச் சுருங்கும்.

வெள்ளிக்கிழமை குலசேகரன் சோதனை நோட்டை நீட்டினார்.

"எல்லாச் செல்லும் வலுவா சுருங்குது, மேடம்."

செங்கமலம் பக்கங்களைப் புரட்டினார். "நடுநடுவே நம்பர் விட்டுப்போயிருக்கே?"

"அதெல்லாம் கெட்ட செல். ஒரு தடவை சுருங்கி, தளர்றதுக்குள்ள இன்னொரு தடவை துள்ளிச்சு. கழிச்சுட்டேன்."

துள்ளும் செல்லை எண்ணக்கூடாது என்பது அங்கே வழக்கம். முயலின் இதயத்திலிருந்து பிரிக்கும்போது அடிபட்ட செல்தான் துள்ளும் என்பார்கள்.

"மருந்து போடாதப்ப எத்தனை கழிச்சீங்க?"

"ரெண்டு."

"போட்ட பிறகு?"

எண்ணிப் பார்த்தார். "பதினேழு." குரல் இறங்கிவிட்டது. "நீங்க சொன்ன விதிதானே, மேடம்?"

"நான் சொன்னதுதான். எனக்கு என் சார் சொன்னார். உட்காருங்க."

புதுச் செல் ஒன்றை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார். ஒழுங்காகத் துடித்தது. மருந்து விட்டார். துடிப்பு பெரிதானது. சற்று நேரத்தில், ஒவ்வொரு துடிப்பின் வாலிலும் ஒரு துள்ளல்.

குலசேகரனின் கை பழக்கத்தில் தட்டை எடுக்கப் போனது.

"இருங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடி இது எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

மருந்தைக் கழுவாமலே, செல்லோடு இணைத்த மின்கருவியின் குமிழைத் திருகி, மின்சைகையின் நீளத்தை மட்டும் செங்கமலம் குறைத்தார். துள்ளல் நின்றது. நீட்டினார். திரும்ப வந்தது. குறைத்தார். நின்றது.

கருவியை அவர் பக்கம் தள்ளினார். குலசேகரனும் குமிழைத் திருகிப் பார்த்தார், மூன்று தடவை.

"செல்லு மேல குத்தமே இல்ல. மருந்துதான் துள்ள வைக்குது, இதயத்துல இப்படித் துள்ளினா தாளம் தப்பி உயிருக்கே ஆபத்து" என்றார்.

செங்கமலம் நோட்டில் விட்டுப்போன நம்பர்களின் மேல் விரலை ஓட்டினார்.

"ஆனா வலுவா சுருங்குதே, மேடம். அதுவும் நிஜம்தானே? ஆறு மாசமா அந்தப் பொண்ணு 'எப்ப டாக்டர், எப்ப டாக்டர்'னு கேக்குது. நான் திங்கட்கிழமைன்னு வாக்கு குடுத்துட்டேன்."

செங்கமலம் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"அவங்க இதயத்துல கோடிக்கணக்கான செல் இருக்கு, டாக்டர். அதுல துள்ளுறதை மட்டும் பொறுக்கி வெளியே போட முடியும்னா, திங்கட்கிழமையே குடுங்க."