பௌர்ணமிச் சவரம்

மடத்துச் சீடன் ஆவுடையப்பன் காலையிலிருந்தே ஆற்றங்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று பௌர்ணமி. மடத்துச் சாமியார்கள் அத்தனை பேரும் ஆற்றங்கரையில் வரிசையாக உட்கார்ந்து தலை மழித்துக்கொள்கிற நாள்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்கப் போனபோது அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஹெபடைடிஸ் பி, கல்லீரலைக் கெடுக்கிற கிருமி. தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, ரத்தம் படுகிற கத்தி, ஊசியில்தான் கவனம் வேண்டும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னாள். எங்கே காதில் ஏறியது? மடத்தில் தெரிந்தால் விரட்டிவிடுவார்கள் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் நின்றது. பாவி மனுஷன், தட்டையும் பாயையும் யாருக்கும் தெரியாமல் தனியாக ஒதுக்கிக்கொண்டான். சவரத்துக்கு வராமலிருந்தால் ஏன் என்று கேட்பார்களே! அதனால் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

நாவிதர் ஒருவர், கத்தியும் ஒன்று. ஒரு தலை முடிந்ததும் ஆற்றுத் தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு அடுத்த தலை. அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் குரு. அவர் பேச்சை அந்த ஊரில் யாரும் தட்டியதில்லை.

கத்தி நெற்றிக்கு வந்தது. ஆவுடையப்பன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். அடுத்து குருவின் தலையல்லவா? நாவிதரின் கையைப் பிடித்துத் தள்ளினான்.

"சாமி, என் மேல பட்ட கத்தி உங்க மேல படக் கூடாது. என் ரத்தத்துல நோய் இருக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் வேட்டியை இழுத்துக்கொண்டு விலகினார்கள். மூத்த சீடர் வேலப்பர், இவன் கையால் வாங்கித் தின்றோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். இன்றைக்கே அனுப்பிவிடுங்கள், வெளியே தெரிந்தால் ஒருத்தன் மடத்து வாசலை மிதிக்க மாட்டான் என்றார்.

"வேலப்பா, உன் ரத்தத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார் குரு.

"எனக்கென்ன சாமி, நல்லாத்தானே இருக்கேன்."

"அவனும் நல்லாத்தான் இருந்தான். நீ சோதிச்சுப் பார்த்தியா?"

"இல்ல சாமி."

"நானும் பார்த்ததில்ல. இத்தனை வருஷமா எல்லாருக்கும் ஒரே கத்தி."

வேலப்பரின் கை தானாகப் போய், அப்போதுதான் மழித்த தலையைத் தடவிப் பார்த்தது.

குரு பாதி வரிசையிலேயே எழுந்துவிட்டார். மூட்டையைக் கட்டச் சொல்லத்தான் போகிறார் என்று ஆவுடையப்பன் நினைத்தான்.

"நான் எங்க சாமி போவேன்?"

"அந்த ஆஸ்பத்திரிக்கு. எங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு, ஊர் பார்க்கத் தேர் வீதி வழியா. வழி தெரிஞ்சவன் இங்க நீ ஒருத்தன்தான். முன்னால நட."