எல்லார் பக்கமும் கூவிய கொண்டலாத்தி

பாலைவனத்தின் நடுவே ஒரு சுனை இருந்தது. அதைச் சுற்றி ஈச்ச மரங்கள். அங்கே நஸ்ரி என்ற கொண்டலாத்திப் பறவை வாழ்ந்தது. தினமும் காலையில் உயரமான மரத்தில் அமர்ந்து செய்தியைக் கூவிச் சொல்வது அதன் வேலை. எந்தப் பக்கம் ஆபத்து, எப்போது தண்ணீருக்கு வரலாம் என்பதையெல்லாம் மான்களும் முயல்களும் அதன் வாயால்தான் தெரிந்துகொண்டன.

மலைக்கு அப்பால் இருந்த கிழச் சிங்கம்தான் அந்தச் சுனைக்கும் ராஜா. "சிங்கராஜாவின் தயவில் நாம் பத்திரமாக இருக்கிறோம்!" என்று நஸ்ரி கூவும். அதற்காகப் புழுக்கள் நிறைந்த ஈர நிலம் ஒன்றை சிங்கம் அதற்கென்றே விட்டுவைத்திருந்தது.

ஒரு கோடையில் ஓநாய்கள் கிளம்பின. "இனி ராஜா வேண்டாம்! எல்லா மிருகங்களுக்கும் சுனைக்கரையில் சபை வைப்போம்!" என்றன.

நஸ்ரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது உண்மையாகவே நம்பியது. "சிங்கம் ஒழிக! ஓநாய்கள் வாழ்க!" என்று தொண்டை வறளக் கூவியது. ஓநாய்கள் சிங்கத்தைக் குகைக்குள் அடைத்தன.

சபை ஒரே ஒரு நாள்தான் கூடியது. மறுநாள் ஓநாய்கள் உத்தரவு போட்டன: "இங்கே எல்லோரும் ஊளை மொழியில்தான் பேச வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கிடையாது!"

மான்களுக்கு ஊளையிட வருமா? தாகத்தில் இரண்டு குட்டிகள் செத்துப்போயின.

லுபைனா என்ற பெண்மான் மரத்தடிக்கு வந்தது. "நஸ்ரி அண்ணா, நடந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும்!" என்றது.

மறுநாள் நஸ்ரி இறந்த குட்டிகளைப் பற்றி மான்களின் மொழியிலேயே கூவியது. கேட்டவர்கள் அழுதார்கள். மான்கள் கூட்டமாக மேட்டில் திரண்டு, "தண்ணீர் எல்லோருக்கும் சொந்தம்!" என்று கத்தின.

அன்றைக்கே ஓநாய்த் தலைவன் மரத்தடிக்கு வந்தான். அடிமரப் பொந்தில் நஸ்ரியின் கூடு இருந்தது. அதற்குள் மெதுவாக முன்னங்காலை நுழைத்தான்.

"நான்கு முட்டைகள்" என்றான். "நாளைக் காலையில் ஒரு செய்தி சொல். மான்களை மன்னித்துவிட்டோம், தண்ணீர் குடிக்க வரலாம் என்று சொல்."

"வந்தால் அவற்றை ஒன்றும் செய்யமாட்டீர்களே?"

ஓநாய்த் தலைவன் ஒரு முட்டையை நகத்தால் மெல்ல உருட்டினான். நஸ்ரி மறுபடி கேட்கவில்லை.

விடிந்ததும் நஸ்ரி கூவியது. "மன்னிப்பு! மன்னிப்பு! எல்லோரும் வாருங்கள்!"

லுபைனா மேட்டிலிருந்து கேட்டது. "அண்ணா, குட்டியையும் கூட்டிக்கொண்டு வரலாமா?"

நஸ்ரி குனிந்து பொந்தைப் பார்த்தது. பிறகு, "வா அம்மா" என்றது.

பதினோரு மான்கள் இறங்கி வந்தன. மூன்றுதான் திரும்பி மேடேறின. அந்த மூன்றில் லுபைனாவும் இல்லை, குட்டியும் இல்லை.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் வளர்ந்து பறந்துபோயின. பிறகு கடலுக்கு அப்பாலிருந்து கழுகுகள் கூட்டமாக வந்து ஓநாய்களைக் கொத்தி விரட்டின. சுனையைத் தாங்களே பிடித்துக்கொண்டன. "எங்களைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை சொல்" என்று நஸ்ரியிடம் கேட்டன.

அன்று நஸ்ரிக்கு அந்த வார்த்தைகள் வரவில்லை. தண்ணீர் குடிக்க வந்த மான்களைப் பார்த்ததும் உடைந்துபோயிற்று. "நான் பொய் சொன்னேன்! கொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தேதான் உங்களைக் கூப்பிட்டேன்! லுபைனாவை நான்தான் கொன்றேன்!" என்று கதறியது.

ஓநாய்களிடமிருந்து தப்பிய மூன்றில் ஒன்றான கிழ ஆண்மான் தலையை நிமிர்த்தியது.

"இதை யார் சொல்லச் சொன்னார்கள்? கழுகுகளா?"

"யாருமில்லை! இது என் சொந்த வார்த்தை! சத்தியமாக!"

"ஓநாய்களை விரட்டியாகிவிட்டது. இனி அவற்றைத் திட்டினால் கழுகுகளுக்குச் சந்தோஷம். அவ்வளவுதானே?" என்றது கிழமான். தண்ணீரைக் குடித்து முடித்தது. மற்றவற்றைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நஸ்ரி வெகுநேரம் கூவிக்கொண்டிருந்தது. ஒரு மானும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆள்பவர்களுக்கெல்லாம் தன் குரலைக் கொடுத்தவன், ஒருநாள் தன் மனதில் உள்ள உண்மையைச் சொன்னாலும் அதை யாரும் அவனுடைய குரலாக ஏற்கமாட்டார்கள்.