அரசர் எழாமல் யாரும் எழக்கூடாது

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், போருக்கு அஞ்சாத அரசர் ஒருவர் கஷாயத்துக்கு அஞ்சினார். ஒரு விருந்தில் பலாச்சுளையை அளவில்லாமல் தின்றுவிட்டு, ஐந்து நாளாக வயிறு கல்லாகிக் கிடந்தார். சிரித்தவனுக்கும் வசவு, சிரிக்காதவனுக்கும் வசவு.

அரண்மனை வைத்தியர் சடையனார் கொடுத்த கஷாயக் கிண்ணம் அவர் தலையிலேயே கவிழ்ந்தது. பாவம் மனிதர், அரசரிடம் காட்ட முடியாத கோபத்தை விகடகவி செவ்வந்தியப்பன் மேல் திருப்பினார். அரசருக்குப் பிடித்தவன் என்று அவன்மேல் வெகுநாளாகவே அவருக்குப் பொறாமை.

"மன்னர்மன்னா! செவ்வந்தியப்பர் பெரிய சாமர்த்தியசாலி. தாங்களே கேட்டு வாங்கிக் கஷாயம் அருந்தும்படி அவர் செய்யட்டுமே!"

அரசர் கண்ணை உருட்டினார். "நல்லது. விகடரே, நாளை சபை கலைவதற்குள் நானாகக் கேட்டுக் கஷாயம் குடிக்க வேண்டும். நீர் கெஞ்சக்கூடாது. உணவில் கலந்து ஏமாற்றவும் கூடாது. தவறினால் குடுமியை மழித்து நாடு கடத்துவேன்."

செவ்வந்தியப்பன் குடுமியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். குடுமி போனால் வளரும், நாடு போனால்?

மறுநாள் காலை கடுக்காய், சுக்கு, பேதிக்குக் கொடுக்கும் நிலவாகை இலை போட்டுக் காய்ச்சிய கஷாயத்தைக் குடத்தோடு சபைக்குக் கொண்டுவந்தான்.

"அரசர் முன் வைக்கும் எதையும் சபையோர் முதலில் ருசி பார்ப்பது வழக்கமல்லவா? குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் ஆளுக்கு ஒன்று போதும்" என்று பணிவாகச் சொன்னான்.

"பாலாடையா? இந்தக் கழுநீரை ஒரு செம்பு குடித்தாலும் ஓர் அசைவும் வராது, மன்னா!" என்று சடையனார் ஒரு செம்பு நிறைய மொண்டு மடமடவென்று குடித்தார். அவருக்கு ஜால்ரா போடும் பிரதானிகள் ஆறு பேரும் ஆளுக்கொரு செம்பு குடித்தார்கள். செவ்வந்தியப்பன் தூணோரம் உட்கார்ந்துகொண்டான்.

உச்சிப்பொழுது நெருங்கியது. சடையனார் நெளிந்தார். பிரதானிகளுக்கு வியர்த்துக் கொட்டியது. எழுந்து ஓடலாமென்றால், அரசர் எழாமல் சபையில் எவரும் எழக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். எழுந்தால் பதவி போய்விடும்.

"மன்னா, சபையை முடித்துக்கொள்ளலாமே..." என்று முனகினார் சடையனார்.

"பிரபு, சபை கலையும்வரை எனக்கு அவகாசம் உண்டு" என்றான் செவ்வந்தியப்பன்.

"நியாயம்தான். மாலைவரை அமர்ந்திருப்போம்" என்றார் அரசர்.

சடையனாருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "வேண்டாம் மன்னா! அந்தக் கஷாயத்தைக் குடித்துவிடுங்கள்! அருமையான மருந்து!"

"ஓர் அசைவும் வராது என்றீரே?"

"வந்துவிட்டது மன்னா! வந்தேவிட்டது!"

ஏழு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தவிப்பதைப் பார்த்து, ஆறு நாளாகச் சிரிக்காத அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இவ்வளவு வேகமா? விகடரே, எனக்கும் ஒரு செம்பு கொடும்!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தார். "சபை கலையட்டும்" என்று அவர் எழுந்ததுதான் தாமதம், வணங்கக்கூட நிற்காமல் ஏழு பேரும் ஓட்டம் பிடித்தார்கள்.

மாலையில் அரசர் முகம் தெளிந்து சபைக்கு வந்தார். செவ்வந்தியப்பனுக்கு ஒரு தங்கச் செம்பைப் பரிசளித்து, "இன்னும் என்ன வேண்டும், கேளும்" என்றார்.

"கஷாயம் குடித்தவர் அரசருக்கு முன்பே எழலாம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும், பிரபு."

"அப்படியே ஆகுக!" என்று அரசர் சொல்லி வாய் மூடவில்லை. சடையனார் வயிற்றைப் பிடித்தபடி எழுந்து, வாசலை நோக்கி ஓடினார். அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது.