மஞ்சள் விளக்கு காத்திருந்தது

"இதுக்கு மேல என்னால ஆகாது டீச்சர். இதை நீங்களே எடுத்துக்கிடுங்க."

ஆசீர் இசைப் பலகையை மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார்.

ரப்பர் பொத்தான்கள் பதித்த பலகை அது. கணினியோடு இணைத்தால், அழுத்திய பொத்தானுக்கு ஒரு சுரம் பேசும். வடிவமைத்தவள் ஃபஹ்மிதா. சர்க்யூட் படத்தையும் உள்ளே ஓடும் புரோகிராமையும் யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டவள். பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் அதைக் கட்டவும் கற்றுக்கொடுத்தாள். அவளுடைய மாணவர்களில் அவளைவிட வயதில் மூத்தவர் ஆசீர் ஒருவர்தான்.

சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. விரல்களில் கொஞ்சம் அசைவும் ஓயாத நடுக்கமும்தான் மிச்சம். இந்தக் கை இனி வாசிக்குமா, வாசிக்காதா? அவருக்கு உலகத்தில் வேறு கேள்வியே கிடையாது.

"என்னென்ன மாத்தினிய?"

"என்னத்த மாத்தல? சென்சாரை மாத்தினேன். ரப்பரைச் சீவி மெலிசாக்கினேன். புரோகிராம்ல தொடுதல் அளவைக் குறைச்சா நடுக்கமெல்லாம் சத்தமா வருது. கூட்டினா ஒண்ணுமே வரல. இடது கைப்பக்கம் நல்லாத்தான் பேசுது. இந்தக் கை வச்சா…"

அவர் கையையே பார்த்தார்.

"பழைய மாதிரி வாசிக்க முடியுமா டீச்சர்?"

"முடியாது அண்ணாச்சி."

முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஊரில் எல்லோரும் சுற்றிவளைத்துச் சொன்னதுதான். ஆசீர் அழுதார். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

"ஆன் பண்ணி வாசிங்க."

ஆசீர் வலது சட்டைக்கையின் நுனியைப் பிடித்து இழுத்து, கையைப் பலகைமேல் கொண்டுவந்து போட்டார். அந்தக் கையைத் தொட மாட்டார். நோய் வந்ததிலிருந்து தொட்டதில்லை. பிணத்தைத் தொடுகிற மாதிரி இருக்கிறது என்பார்.

கை சரியாக உட்கார்ந்த பிறகு இடது கையால் சுவிட்சைப் போட்டார். எப்போதும் அவருக்கு அதுதான் வரிசை.

வலது விரல்களை அழுத்தினார். கரகரவென்று நடுக்கம் மட்டும் வந்தது.

"கேட்டியளா?" என்றார். குரலில் ஒரு வெற்றிகூட இருந்தது. தோற்றுப்போனதை நிரூபித்துவிட்ட வெற்றி.

ஃபஹ்மிதா கேட்டாள். "நான் எழுதின புரோகிராம்ல இருந்து மொதல்ல எதை எடுத்திய?"

"மொதல்லயா? ஆன் பண்ணினதும் ஒரு மஞ்சள் லைட்டு எரியும்லா, அதை. அணையவே மாட்டேன்னுச்சு. அணையாம வாசிக்கவும் விடாது. கோளாறுன்னு அந்த வரியெல்லாம் தூக்கிட்டேன்."

"அது எதுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு?"

"கோளாறு டீச்சர்."

"எதுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு?"

அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அவள் பலகையைத் தன் லேப்டாப்பில் செருகினாள். அவர் மாற்றியதையெல்லாம் அழித்தாள். தன்னுடைய பழைய புரோகிராமை ஏற்றினாள். அழித்ததெல்லாம் அவர் இத்தனை மாதம் கண் எரிய எரிய எழுதியது. ஆசீருக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

"ஆன் பண்ணுங்க" என்று பலகையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, நாற்காலியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சட்டைக்கையை இழுத்தார். கையைப் போட்டார். சுவிட்சைப் போட்டார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தார். அது பாட்டுக்கு எரிந்தது.

"அணைய மாட்டேங்குது."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அப்பவே சொன்னேன்லா."

தெருவில் ஒரு மினி பஸ் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தன் வாழ்க்கையும் இனி இப்படியே கிடக்கும் என்று ஆசீருக்குத் தோன்றியது. எழுந்துவிட்டார்.

"நான் வாரேன் டீச்சர்."

"போங்க. கையையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

சட்டைக்கையை இழுத்தார். அது மணிக்கட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. மறுபடி இழுத்தார். வரவில்லை.

வேறு வழியில்லாமல் இடது கையை அடியில் கொடுத்து, வலது கையைத் தூக்கினார்.

கை வெதுவெதுப்பாக இருந்தது.

விளக்கு அணைந்தது.

ஆசீர் அப்படியே நின்றார். பலகையிலிருந்து கையை எடுக்கத்தான் அது காத்திருந்தது; எடுத்த பிறகு இருப்பதை மௌனமாகக் கொண்டு, அதற்கு மேல் விழும் அழுத்தத்தைத்தான் சுரமாக்கும். கை படாத பலகை எப்படி இருக்கும் என்று அதற்கு அவர் ஒருநாளும் காட்டியதே இல்லை. கையை வைத்துக்கொண்டே ஆன் பண்ணி, அந்தக் கையின் கனத்தைத்தான் மௌனம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

தூக்கிய கை அவருடைய உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை விடவில்லை.

ஃபஹ்மிதா ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை.

"இப்ப வைங்க" என்றாள்.