சடகோபனின் தாள்

லினக்ஸ் கணினியில் நிரல் எழுதும் கருவிகளை நிறுவ மேலாளர் சடகோபன் ஒரு செய்முறைத் தாள் எழுதியிருந்தார். அதைப் பார்த்து மதியத்துக்குள் நிறுவி முடிக்காத புதியவர்களுக்கு வேலை இல்லை. புதிதாகச் சேர்ந்த செங்கமலம் நான்கு முறை செய்தும் "அப்படியொரு கட்டளை இல்லை" என்றே திரையில் வந்தது. சடகோபனிடம் போய்ச் சொன்னாள்.

"என் கணினியில ஓடுதேம்மா! படிச்சுதானே பட்டம் வாங்கினே?"

"உங்க கணினியிலேயே புதுசா ஒரு பயனர் கணக்குத் திறந்து செஞ்சு காட்டுங்க சார். எங்கே தப்பு பண்றேன்னு பார்த்துக்கறேன்."

செய்தார். அதே பிழை வந்தது. கருவி இருக்கும் இடத்தைக் கணினிக்குச் சொல்லும் வரியைத் தன் கணக்கில் என்றோ சேர்த்தவர், தாளில் எழுத மறந்திருந்தார்.

"சரி, நீ வேலையில இரு. இதே தாளை வச்சு ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டேனே!"

"அவங்களைத் திரும்பக் கூப்பிடுவீங்களா சார்?"

"போய் வேலையைப் பாரும்மா."