மூடின கண்ணுக்கு எதுக்குக் கண்ணாடி

பலூன் சுடுகிற கடையில் அடிபடுவது பலூன் மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா?

மொட்டைப்பாறைத் திருவிழாவில் ஒச்சு, காசி, விருமன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர் அப்படி ஒரு கடை போட்டார்கள். பலூன் ஒட்டுகிற பலகையெல்லாம் ஓட்டை விழுகிறதே என்று ஒச்சு அதன் மேல் இரும்புத் தகடு அடித்தான். பலகை பிழைத்தது. முதல் குண்டு தகட்டில் பட்டு, வந்த வழியே திரும்பி, கடைக்குட்டி விருமனின் புருவத்தைக் கிழித்தது.

விருமனுக்கு வருகிற வியாழக்கிழமை கல்யாணம். மாமனாராகப் போகிற தவசி ஓடி வந்து பார்த்தார். மணவறைக்கு ரெண்டு கண்ணோடு வந்தால்தான் பொண்ணு, இல்லையென்றால் பந்தலைப் பிரித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். விருமனுக்குச் சோறு இறங்கவில்லை. தவசியின் மகள் சிலம்பாயியை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மருந்து போட்ட நர்சம்மா இரண்டு விஷயம் சொன்னார். துப்பாக்கி இருக்கிற இடத்தில் எல்லார் கண்ணையும் மறைக்க வேண்டும், அதற்கு அடி தாங்குகிற கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், துப்பாக்கியை எங்கேயும் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

டவுன் கடையில் ஒரே ஒரு கண்ணாடிதான் இருந்தது. அதை நடுவில் வைத்து மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“சுடும்போது ஒரு கண்ணை மூடுறோமா இல்லையா?” என்றான் ஒச்சு.

“மூடுறோம்ண்ணே,” என்றான் காசி.

“மூடின கண்ணுக்கு எதுக்குடா கண்ணாடி? பூட்டின வீட்டுக்குக் காவல் போடுவாங்களா?”

உடனே ரம்பம் வந்தது. இடது பாதி ஒச்சுவுக்கு, வலது பாதி காசிக்கு. ஒற்றைக் காதில் நிற்காமல் சரிந்ததால் ஆளுக்கொரு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார்கள்.

“எனக்குண்ணே?” என்று கேட்டான் விருமன்.

“நீ கல்யாண மாப்பிள்ளைடா. உனக்கு ரெண்டு கண்ணும் முக்கியம். ரெண்டையும் மூடிக்கோ.”

நியாயமாகத்தான் பட்டது. விருமன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே பலூன் ஊதினான், தடவித் தடவி முடிச்சுப் போட்டான். ஒரு தடவை ஒச்சுவின் கண்ணாடிக் கயிற்றையும் காசியின் அரைஞாண் கயிற்றையும் சேர்த்தே முடிந்துவிட்டான். மற்றபடி கை நன்றாகப் பழகிவிட்டது. சுட வந்தவர்களுக்கும் ரெண்டு கண்ணையும் மூடுகிற அதே சட்டம்தான். அதனால் பலூன் ஒன்றுகூட உடையவில்லை. எதிர்க்கடையில் வளையல்தான் உடைந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை விடிந்தது. துப்பாக்கியைத் தனியாக விடக் கூடாதே, ஒச்சு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நின்றான். துப்பாக்கி இருக்கிற இடமாயிற்றே, விருமன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். மாப்பிள்ளை பக்தியாகச் சாமி கும்பிடுகிறார் என்று பெண் வீட்டார் பூரித்துப் போனார்கள்.

தவசிக்கு மட்டும் சந்தேகம் விடவில்லை. அந்த இமைக்குள்ளே ரெண்டு கண்ணும் இருக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட நினைத்தார். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் குனிந்து கழுத்தை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம். விருமன் தாலியை வாங்கினான், கைக்கு எட்டிய கழுத்தில் போட்டான், பலூனுக்குப் போடுகிற அதே பக்குவத்தில் முடிச்சுப் போட ஆரம்பித்தான். தவசி போட்ட கூச்சல் மேளத்தில் கரைந்து போனது. அட்சதை மழையாக விழுந்தது.

இரண்டு முடிச்சு ஆன பிறகுதான் தவசியின் வாய் விருமன் காதுக்கு எட்டியது.

“மாப்ளே, உங்க கண்ணு குருடானாலும் பரவாயில்ல, மூணாவது முடிச்சை மட்டும் பொண்ணுக்குப் போட்டுருங்க.”